திரை எங்கே ஒளிந்திருக்கிறது?

பழைய டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. ஆபரேட்டர் அறை ஓட்டையிலிருந்து கிளம்பும் வெள்ளை ஒளி, தலைக்கு மேலாகத் திரை வரை நீண்டு போகும். பீடிப்புகை அதற்குள் சுருண்டு நெளியும். யோசித்துப் பார்த்தால் முழுப் படமும் அந்த ஒளிக்குள்தான் இருக்கிறது. கதாநாயகியின் முகம் நம் தலைக்கு மேலேதான் பறந்து போகிறது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் தெரிவது புகை மட்டும். நடுவில் எவனாவது எழுந்து நின்றால் அவன் சட்டை முதுகில் சண்டைக் காட்சி ஓடும்.

ஒளியைப் பக்கவாட்டில் இருந்து பார்க்க முடியாது. அது எதன்மீதாவது பட்டு நம் கண் பக்கம் திரும்பினால்தான் உண்டு. புகைத்துகளோ, சட்டை முதுகோ, வெள்ளைத் திரையோ, ஏதோ ஒன்று அதை மறித்துத் திருப்பிவிட வேண்டும். வெறும் காற்றில் படம் நிற்காது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது ஒளிச் சித்திரத்துக்கு இன்னும் கறாராகப் பொருந்தும்.

அப்படியென்றால் திரையே தேவைப்படாத காட்சிக் கருவி என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது என்ன? பொறியியல் கல்லூரி செமினார்களில் இது பல வருடமாக ஓடித் தேய்ந்த தலைப்பு. எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர் எடுத்தார்கள். சீனியரிடமிருந்து வந்த பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் (பிபிடி), முதல் பக்கத்தில் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. அதில் மூன்று வகை சொல்லியிருக்கும்: காற்றில் தெரியும் படம், விழித்திரைக்கு நேரே போகும் படம், மூளைக்கு நேரே போகும் படம். பிரித்த விதத்தில் தப்பில்லை. திரையை எடுத்துவிட்டால் அதன் வேலையை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் அது கேட்கவே இல்லை. ஒவ்வொரு கருவியிடமும் அதைக் கேட்டுப் பார்த்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பதோடு எங்கே சொதப்பும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஊரெல்லாம் 'ஹோலோகிராம்' என்று அழைக்கும் சமாச்சாரம். இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளே விளக்கு எரியும்போது கண்ணாடி வழியாக வெளியே பாருங்கள். உங்கள் முகம் வெளியே இருட்டில், பனைமரங்களுக்கு நடுவே மிதந்தபடி கூடவே வரும். மரம் முகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். கண்ணாடி இருப்பதே கண்ணுக்குப் படாது. 1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் பேயை வரவழைத்தது இதே வித்தையால்தான். ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் யோசித்ததைப் பெப்பர் மேடைக்கு ஏற்றபடி மாற்றினார். மேடையில் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி. பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில், பளீரென்ற வெளிச்சத்தில் ஒரு நடிகர். அவர் பிம்பம் கண்ணாடியில் பட்டு மேடை நடுவே ஆவியாக நிற்கும். விளக்கைக் குறைத்தால் ஆவி மறையும்.

அதற்கப்புறம் மாறியது கண்ணாடிதான். அந்த இடத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் வந்தது, நடிகர் இருந்த இடத்துக்கு வீடியோ வந்தது. 2012 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில், 1996-லேயே இறந்துவிட்ட ராப் பாடகர் டூபாக் மேடையேறியது இப்படித்தான். 2014 மக்களவைத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் 'தோன்றிப்' பேசியதும் இதே குடும்பம். 2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட்டில் திறக்கப்பட்ட நேதாஜியின் ஹோலோகிராம் சிலை கொஞ்சம் வேறு மாதிரி. 28 அடி உயரம், 6 அடி அகலம். 30,000 லூமென் வெளிச்சம் தரும் 4கே புரொஜெக்டர், எதிரே 90 சதவீதம் ஒளி ஊடுருவும் திரை. அரசு அறிவிப்பிலேயே திரை என்றுதான் இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எல்லாம் இருட்டினால்தான் எடுபடும் வேலை. அந்த வருடம் செப்டம்பரில் அதே இடத்தில் கருங்கல் சிலை வந்துவிட்டது. அதற்குப் பகலென்ன, இரவென்ன.

உண்மையான ஹோலோகிராம் வேறு. 1947-ல் இங்கிலாந்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சீர்படுத்தும் வேலையில் இருந்தபோது டென்னிஸ் கேபர் கண்டுபிடித்தது அது; 1971-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. பொருளிலிருந்து வரும் ஒளியின் அளவை மட்டும் பதியாமல், அது எந்தத் திசையிலிருந்து எப்படி வந்தது என்பதையும் அலைகளின் பின்னலாகத் தகட்டில் பதிந்துவைப்பது. தலையை நகர்த்தினால் பொருளின் பக்கவாட்டும் தெரியும். கிரெடிட் கார்டு மூலையில் மினுக்கும் பறவை இதன் ஏழைச் சொந்தக்காரன். ஆனால் இதிலும் தகடு வேண்டும். தகட்டை நோக்கிப் பார்த்தால்தான் படம்.

ஜவுளிக்கடை வாசலில் சுழலும் விசிறி ஒன்று இருக்கிறதே, காற்றில் மோதிரமும் சேலையும் மிதக்க வைப்பது, அது ஹோலோகிராமே இல்லை. றெக்கையில் வரிசையாக எல்இடி. றெக்கை வேகமாகச் சுற்றும்போது எந்த இடத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று ஒரு சின்ன சிப் கணக்குப் போடுகிறது. ஊதுபத்தியை இருட்டில் சுழற்றினால் வட்டம் தெரிகிறதே, அதே கண் மயக்கம். அங்கே திரையாக இருப்பது ஓடும் றெக்கை. யாரும் விரலை நீட்டிவிடாமல் இருக்கச் சுற்றிலும் கண்ணாடிக் கூண்டு போடுவார்கள்.

சரி, நிஜமாகவே காற்றில் படம் காட்ட முயன்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அதில்தான் சுவாரசியம்.

பீடிப்புகை வழி ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்லாந்தின் தம்பேரேயில், மெல்லிய மூடுபனியை இரண்டு பக்கமும் சீரான காற்றோட்டத்துக்கு நடுவே தாள் போல இறக்கி, அதன்மேல் புரொஜெக்டரால் படம் விழவைத்தார்கள். அதற்குள் நடந்து போகலாம், சட்டை நனையாது. திரை ஒளியவெல்லாம் இல்லை, மூடுபனிதான் திரை. மின்விசிறி போட்டால் படம் கலைந்துவிடும்.

இன்னொரு வழி, ஒரே ஒரு தூசியைப் பிடித்துக்கொள்வது. ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக வெயில் விழும்போது, அந்தக் கோட்டுக்குள் தூசிகள் மின்னி மிதப்பதைப் பார்த்திருப்போம். அவற்றில் ஒன்றைப் பிடித்து நம் இஷ்டத்துக்கு ஓட்ட முடிந்தால்? அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்மாலியும் அவர் குழுவும் செய்தது இதைத்தான். 2018 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. தலைமுடியைவிட மெல்லிய செல்லுலோஸ் துகள் ஒன்றை, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத லேசர் ஒன்று பிடித்துக்கொள்கிறது. துகளின் ஒரு பக்கம் சூடாகும்போது அதைச் சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகள் கொடுக்கும் உதைதான் பிடிமானம். லேசரை நகர்த்தினால் துகள் கூடவே ஓடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசர்கள் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்குரிய நிறத்தை அடிக்கும். துகள் போதுமான வேகத்தில் ஓடினால் நமக்கு ஊதுபத்தி வட்டம் போல முழு உருவம் தெரியும். முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று எங்கே நின்றாலும் தெரியும்.

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம். கண்ணாடியோ தகடோ காட்டும் படத்தில், படத்துக்கு முன்னாலோ பின்னாலோ, நம் பார்வை போகும் கோட்டிலேயே அந்தக் கண்ணாடியோ தகடோ இருந்தே ஆக வேண்டும். ஒளி அங்கிருந்துதான் கண்ணுக்கு வருகிறது. கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிப் பார்த்தால் உருவம் பாதியில் அறுந்துபோகும். மேசை நடுவே நிற்கும் உருவத்தைச் சுற்றி நின்று நாலு பேர் பேசுவது போல சினிமாவில் காட்டுவது கண்ணாடியால் ஆகாத காரியம். தூசியால் ஆகும், ஏனென்றால் படமிருக்கும் இடத்திலேயே ஒளியைத் திருப்ப ஒரு பொருள் இருக்கிறது.

ஆனால் பத்திரிகைகளில் வந்த அழகழகான படங்களை நம்பிவிடக் கூடாது. கேமராவை வெகுநேரம் திறந்துவைத்து, துகள் நிதானமாக ஓடி முடிக்கும்வரை காத்திருந்து எடுத்தவை பல. வெறுங்கண்ணுக்கு நகரும் படமாகத் தெரிய வேண்டுமென்றால் உருவம் விரல்நுனி அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு தூசியால் எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்? யாராவது பலமாக மூச்சு விட்டால் துகள் பறந்துவிடும். இன்னொரு குறை: உருவம் முழுக்க ஒளிப்புள்ளி என்பதால் முன்பக்கம் பின்பக்கத்தை மறைக்காது. முகத்துக்குள் பிடரியும் சேர்ந்து தெரியும்.

2019 நவம்பரில் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரீராம் சுப்ரமணியன் குழு வேறொரு வழியோடு வந்தது. பிடிப்பது லேசர் அல்ல, ஒலி. மேலும் கீழுமாக 512 குட்டி ஒலிபெருக்கிகள், நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸில் கத்துகின்றன. அந்த ஒலி அலைகளின் நடுவே தெர்மோகோல் மணி ஒன்று அகப்பட்டு மிதக்கிறது. அலைகளைக் கணினி மாற்ற மாற்ற, மணி நொடிக்கு 8 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடி உருவம் வரைகிறது. அதே ஒலிபெருக்கிகள் கேட்கும் சத்தத்தையும் எழுப்பும். விரலை நீட்டினால் தோலில் லேசான அழுத்தமும் தரும். பார்க்கலாம், கேட்கலாம், தொடலாம். ஒரு தெர்மோகோல் மணியிடம் இவ்வளவு வேலை வாங்கியதற்காகவே பாராட்ட வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு இது எப்போது வரும் என்று கேட்டால், இரண்டு ஒலிபெருக்கிப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அதன் உலகமே என்று சொல்ல வேண்டியிருக்கும்.

காற்றையே எரித்துப் புள்ளி வைத்தவர்களும் உண்டு. பலமான லேசர் துடிப்பை ஒரே புள்ளியில் குவித்தால் அங்குள்ள காற்று பிளாஸ்மாவாகி, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவாகிப் பளிச்சிடும். ஜப்பானில் 2006-லேயே செய்து காட்டினார்கள். விரலை நீட்டினால் சுட்டுவிடும் என்பதுதான் சிக்கல். 2015-ல் யோயிச்சி ஓச்சியாய் குழு, துடிப்பின் நீளத்தை ஃபெம்டோநொடிகளுக்கு, அதாவது ஒரு நொடியைக் கோடி கோடியாக நறுக்கினால் கிடைக்கும் பொடிக்குக் குறைத்தது. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள ஆற்றல் அவ்வளவு குறைவு என்பதால் தொட முடிந்தது. உப்புத்தாளைத் தொட்டது போல இருந்ததாம். படத்தின் அளவு ஒரு கன சென்டிமீட்டர். அந்தச் சர்க்கரைக்கட்டி அளவு படத்தைக் காட்ட வேண்டிய லேசரோ ஆய்வுக்கூட மேசையை அடைத்துக்கொண்டு நின்றது.

வானத்தில் இதைப் பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால் தூசிக்குப் பதில் டிரோன். 2022 ஜனவரி 29 அன்று டெல்லியில் படைகள் பாசறை திரும்பும் விழாவில், ஐஐடி டெல்லியில் முளைத்த பாட்லேப் நிறுவனம் 1,000 டிரோன்களைப் பறக்கவிட்டு வரைபடமும் கொடியும் காட்டியது. ஒவ்வொரு புள்ளியும் தன் விளக்கைத் தானே சுமந்து பறக்கிறது.

இந்த வகையில் ஏற்கெனவே வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பது ஜப்பானியர்களின் மிதக்கும் பொத்தான்தான். உத்சுனோமியா பல்கலைக்கழகத்தின் ஹிரோத்சுகு யமமோட்டோ போன்றவர்களும் ஹிரோஷிமாவின் அசுகாநெட் நிறுவனமும் பல வருடம் உழைத்த துறை இது. நுண்ணிய கண்ணாடிச் சில்லுகள் நிறைந்த தகடு, தனக்குக் கீழே உள்ள சாதாரண எல்சிடி திரையிலிருந்து விரிந்து வரும் ஒளியைத் திருப்பி, மறுபக்கம் காற்றில் மறுபடி ஒன்றுசேர வைக்கும். அங்கே ஒரு மெய்பிம்பம். விரல் அங்கே வந்ததா என்று பார்க்கத் தனியாக ஒரு சென்சார். கொரோனா காலத்தில் யாரும் எதையும் தொடப் பயந்தபோது இதற்கு நல்ல நேரம் பிறந்தது. 2022-ல் டோக்கியோவின் சில செவன் இலெவன் கடைகளில் பில் போடும் இடத்தில் வைத்துச் சோதித்தார்கள். திரை எங்கே? கவுண்டருக்குள், சாய்ந்து படுத்திருக்கிறது. நேர் எதிரே நிற்பவருக்கு மட்டுமே படம் தெரியும். வரிசையில் பின்னால் நிற்பவர், முன்னால் இருப்பவர் காற்றைக் குத்துவதைத்தான் பார்ப்பார்.

கையையே திரையாக்கியவர்களின் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. 2024 ஏப்ரலில் கைக்கு வந்த ஹியூமேன் நிறுவனத்தின் ஏஐ பின், சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. விலை 699 டாலர், மாதச் சந்தா 24 டாலர். உள்ளங்கையை நீட்டினால் பச்சை லேசரில் எழுத்து விழும். கையைச் சாய்த்தால் பட்டியல் நகரும், விரல்களைச் சேர்த்துக் கிள்ளினால் தேர்வாகும். யோசனை அழகுதான். ஆனால் ஒளியால் கறுப்பை வரைய முடியாது. கறுப்பு என்பது ஒளி விழாத இடம், அவ்வளவுதான். வெயிலில் உள்ளங்கை முழுக்க வெளிச்சமாக இருக்கும்போது எழுத்து எங்கே தெரியும்? நம் ஊர் மதியத்தில் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கற்பனை செய்துபார்த்தேன். தவிர உள்ளங்கையில் ரேகை, மடிப்பு, நடுக்கம். டாக்கீஸில் எழுந்து நின்றவனின் சட்டை முதுகும் இதுவும் ஒன்றுதான். 2025 பிப்ரவரியில் ஹெச்பி 11.6 கோடி டாலருக்கு நிறுவனத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் சேவை நின்றது, பின்களும் நின்றன.

இங்கிருந்து பாதை கண்ணை நோக்கித் திரும்புகிறது. ஹெட் அப் டிஸ்ப்ளே அதில் முதல் படி. போர் விமானிக்குக் கீழே குனிந்து மீட்டர் பார்க்க நேரமில்லை. அதனால் எண்கள் முன்கண்ணாடியில், வெளிக்காட்சியோடு சேர்ந்து தெரிய வைத்தார்கள். நம் தேஜஸ் விமானத்துக்கானதைச் சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. 2022-லிருந்து மாருதி பலேனோவின் உயர்ரக மாடலிலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு குட்டித் தகடு எழுந்து வேகத்தைக் காட்டுகிறது. பெப்பரின் பேய், டேஷ்போர்டில். கூடுதலாக ஒரு நுணுக்கம் உண்டு. பிம்பம் கண்ணாடியில் ஒட்டியது போல இல்லாமல், பானெட் பக்கம் தள்ளித் தெரியும்படி லென்ஸ்களால் செய்கிறார்கள். சாலையைப் பார்க்கும் கண், எண்ணைப் பார்க்கக் குவியத்தை அதிகம் மாற்ற வேண்டாம். காரின் முன்கண்ணாடியிலேயே நேரடியாகக் காட்டினால் அதன் இரண்டு பரப்பும் தனித்தனியாகப் பிரதிபலித்து எண் இரட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்கக் கண்ணாடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடுக்கை ஆப்பு போலச் சரிவாக வைக்கிறார்கள்.

அடுத்தது, வெளியே ஒன்றுமே வேண்டாம், ஒளியைக் கண்ணுக்குள்ளேயே விட்டுவிடலாம் என்ற யோசனை. ரெட்டினாவுக்குத் தமிழில் பெயர் வைத்தவர் அதைத் திரை என்றே சொல்லிவிட்டார்: விழித்திரை. எல்லாப் படமும் கடைசியில் அங்கேதான் விழுகிறது, நடுவில் வேறொன்று எதற்கு? 1980-களின் நடுவில் ஜப்பானின் என்ஈசி நிறுவனத்திலும், 1991-லிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாம் ஃபர்னஸிடமும் இது வேலையாக மாறியது. மெலிந்த லேசர் கற்றை ஒன்று, ஒரு நுண்ணாடியில் பட்டு இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக அசைந்து, கண்பாவை வழியே விழித்திரையில் வரிவரியாகப் படம் தீட்டும். லேசரைக் கண்ணில் அடிப்பதா என்று பதற வேண்டாம், மிக மிகக் குறைந்த திறன்.

இதில் ஒரு பரிசும் இருக்கிறது. கற்றை அவ்வளவு ஒல்லி என்பதால் கண்ணின் லென்ஸ் அதை வளைத்துக் குவிக்கும் வேலையே அநேகமாக இல்லை. பார்வை தெளிவில்லாதவர்கள் கண்ணைச் சுருக்கியோ, விரல்களால் சின்ன ஓட்டை செய்தோ பார்ப்பார்களே, அதே தத்துவம். கிட்டப்பார்வை, கருவிழி ஒழுங்கின்மை எது இருந்தாலும் படம் தெளிவாக விழும். விழித்திரை நன்றாக இருந்தால் போதும். ஃபுஜிட்சுவிலிருந்து பிரிந்து வந்த க்யூடி லேசர் நிறுவனம் இப்படி ஒரு கண்ணாடியைச் செய்து, ஜப்பானில் மருத்துவக் கருவியாகவே 2020-ல் அனுமதி வாங்கியது. திரையில்லாக் கருவிகளில் எனக்கு மிகவும் மரியாதை தோன்றுவது இதன்மீதுதான். வேடிக்கை காட்டாமல் ஒருவருக்கு எழுத்தைப் படிக்கக் கொடுக்கிறது.

சிக்கலும் அதே ஒல்லிக் கற்றையில்தான். பாவை சில மில்லிமீட்டர் அகலம். கண் சற்று உருண்டாலோ, மூக்கில் கண்ணாடி கொஞ்சம் சரிந்தாலோ கற்றை பாவையைத் தவறவிட்டுவிடும், படம் சட்டென்று அணைந்துவிடும். 2018 பிப்ரவரியில் இன்டெல் காட்டிய வாண்ட் கண்ணாடி, 50 கிராமுக்கும் குறைவான எடையில் பார்க்கச் சாதாரண மூக்குக் கண்ணாடி போலவே இருந்தது. சிவப்பு எழுத்து மட்டும், பார்வையின் கீழ் ஓரத்தில். வேறு பக்கம் பார்த்தால் மறைந்துவிடும் என்பதையே, உங்களைத் தொந்தரவு செய்யாத திரை என்று சொல்லி விற்கப் பார்த்தார்கள். சாமர்த்தியம்தான். இரண்டே மாதத்தில், ஏப்ரலில், திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

மூன்றாவது வகைக்கு கண்ணே வேண்டாம். 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கைல்ஸ் பிரிண்ட்லியும் வால்பால் லெவினும் பார்வையிழந்த 52 வயதுக்காரர் ஒருவரின் மூளையின் பின்பகுதியில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். ரேடியோ அலையால் ஒரு முனையைத் தூண்டினால் அவருக்கு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஒவ்வொரு முனைக்கும் பார்வைப் பரப்பில் ஒரு தனி இடம். விசித்திரம் என்னவென்றால், அவர் கண்ணை உருட்டினால் அந்தப் புள்ளிகளும் கூடவே நகர்ந்தன, அந்தக் கண்ணுக்கும் இந்த ஒளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபோதும்.

அரை நூற்றாண்டு கழித்தும் புள்ளிகளின் எண்ணிக்கை பெரிதாக ஏறிவிடவில்லை. 2013-ல் அமெரிக்க அனுமதி பெற்ற ஆர்கஸ் 2, மூளையில் அல்ல, விழித்திரை மேலேயே தைத்துவைக்கும் கருவி. மொத்தம் 60 மின்முனை. மூக்குக் கண்ணாடியில் உள்ள கேமரா எடுப்பதை இடுப்பில் மாட்டிய பெட்டி மொழிபெயர்த்து அனுப்பும். வாசல் எங்கே, நடைபாதையின் விளிம்பு எங்கே என்ற அளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள். உலகம் முழுக்க 350 பேருக்கும் மேல் பொருத்திக்கொண்டார்கள். பணம் வற்றியதும் செகண்ட் சைட் நிறுவனம் அதைக் கைவிட்டது. அதற்குப் பிறகு கேமராவோ பெட்டியோ பழுதானால் உதிரி பாகம் கிடைக்காது. கண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுப்பதென்றால் இன்னொரு அறுவை சிகிச்சை. பலர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்கள் செமினார் பிபிடியில் இந்த வகைக்கு ஒரே ஒரு பக்கம்தான். நீல நிறத்தில் ஒரு மூளை, வெளியிலிருந்து அதை நோக்கி ஓர் அம்புக்குறி, கீழே 'எதிர்காலம்' என்று ஒரு வார்த்தை.